பூங்குழலியின் கொக்கு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது பக்கத்து சீட் அம்மா ஆரம்பித்தார். "கொழந்தைக்கு இன்னாம்மா ஆச்சு? வேலூர் ஆஸ்பத்திரிக்கா?" மடக்கிய வீல்சேரைக் காலடியில் இடுக்கிக்கொண்டு, பத்து வயசுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து ஒருத்தி வேலூர் பஸ் ஏறினால், அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது.

"இல்லீங்க. டான்ஸ் கிளாஸுக்கு" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். பூங்குழலியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் வேலூர் வரை வாயைத் திறக்கவில்லை. இவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகவே பஸ்ஸில் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது எனக்கு.

பிறந்தபோது இவள் அழத் தாமதமாகிவிட்டது. மூளை முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கால்கள் விறைப்பு. வலது கை சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்கும். இடது கை யார் பேச்சையும் கேட்காது; சந்தோஷம் வந்தால், பயம் வந்தால், யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட தானாக மேலே எழும்பி, மணிக்கட்டு மடங்கி நின்றுகொள்ளும். பேச்சு மெதுவாகத்தான் வரும். வந்தால் ஆளைக் குத்தாமல் போகாது. அதில் மட்டும் அச்சு அசல் என் மகள்.

கிளாஸ் நடப்பது ஒரு சர்ச் ஹாலில், மத்தியானப் பூசை ஜனம் எல்லாம் கலைந்த பிறகு. டீச்சர் கிறிஸ்டினா பிசியோ படித்தவர், பரதமும் முறையாகக் கற்றவர். இவளைப் போன்ற ஏழெட்டுப் பிள்ளைகள். அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஒரே ஒரு கட்டளை: "முதுகத் தாங்கலாம். கைய நீங்க தூக்கி விடக் கூடாது."

எனக்கு அதுதான் கஷ்டம். என் கை சும்மா இருக்காது.

திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ம்மா. ஸ்கூல்... ஆண்டு விழால... ஆடணும். எங்க கிளாஸ் பொண்ணுங்க... கூட."

போன வருஷ ஆண்டு விழாவில் இவளுக்கு சரஸ்வதி வேஷம். "ஆடாம அசையாம உக்காந்தா போதும் கண்ணு" என்றார் ஹெச்.எம். இந்த உலகத்தில் என் பொண்ணால் முடியாத ஒரே காரியம் அதுதான்! ஆடாமல் அசையாமல் உட்காருவது. நிமிஷத்தில் கிரீடம் உருண்டு ஆடியன்ஸ் பக்கம் போய்விட்டது. எல்லோரும் "ப்ச்ச்" என்றார்கள். அந்த "ப்ச்ச்" இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அரை மணி பர்மிஷன் போட்டுவிட்டு ஹெச்.எம்.மைப் பார்த்தேன். கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. "டான்ஸா? மேடையில எதாவது ஆயிட்டா?" டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் வேலூரில் ஆடப்போகிறார்கள் என்றேன். "சரி, நான் வந்து பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன்."

வந்து பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாக எழுதிவிட வேண்டும்.

இவர்கள் ஆடப்போவது பாலாற்றில் தண்ணீர் வரும் கதை. முதலில் காய்ந்த மணல். அப்புறம் தூரத்தில் சத்தம். அப்புறம் வெள்ளம், மீன், கடைசியில் கொக்கு. காலால் தட்ட முடியாதவர்கள் வீல்சேர் கட்டையில் உள்ளங்கையால் தட்டுகிறார்கள். அதுவும் முடியாத ஒரு பையன் நாக்கைச் சொடுக்குகிறான். கிறிஸ்டினா அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்.

கொக்கு யார் என்று பேச்சு வந்தது. யாரோ கதவைத் தடாலென்று சாத்த, பூங்குழலியின் இடது கை வழக்கம்போல் கிளம்பி மேலே போய் மணிக்கட்டு மடங்கி நின்றது. நான் அனிச்சையாக அதைப் பிடித்துக் கீழே இறக்கப் போனேன். பத்து வருஷப் பழக்கம்.

"சோபனா, விடுங்க" என்றார் கிறிஸ்டினா. அவ்வளவு கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு முன்னால் வந்து மண்டி போட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூங்குழலி, இது இன்னா சொல்லு?"

இவள் தன் கையை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கொக்கு" என்றாள்.

பார்த்தால் கொக்குதான். கழுத்தை வளைத்து நிற்கிற கொக்கு. இத்தனை வருஷம் என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இவர் கேட்கிறார்: "இன்னாத்துக்கு இந்த அலைச்சல்? பஸ்ஸுல போய்ட்டு வந்து ரெண்டு பேரும் படுத்துக்கறீங்க. பேஜாரு." தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் செல்வகுமாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். ஒருநாளும் கிளாஸுக்கு வந்ததில்லை. குழம்பில் உப்பைக் கம்மி பண்ணிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மற்ற டான்ஸில் டீச்சர் தட்டுக்கழியால் தாளம் போடுவார், பிள்ளைகள் அதைத் தொடர்ந்து ஆடுவார்கள். இங்கே தலைகீழ். பிள்ளை எப்போது அசைகிறதோ அப்போதுதான் கழி விழும். "பாட்டு அவங்கள இழுத்துட்டுப் போகக் கூடாது. அவங்க பாட்ட இழுத்துட்டுப் போவட்டும்" என்கிறார் கிறிஸ்டினா.

இவள் இப்போது கொக்கைத் தானாகவே வரவழைக்கிறாள்! பயத்தில் இல்லை, சத்தத்தில் இல்லை. வேண்டும் என்று நினைத்து. நினைத்ததற்கும் கை எழுவதற்கும் நடுவில் நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க இடது தோள் லேசாகத் துடிக்கும். தோளைப் பார்த்தால் போதும், கை வரப்போகிறது என்று தெரிந்துவிடும். நான் சொன்னதும் கிறிஸ்டினா தோளையே பார்த்துக் கழியை ஓங்கி வைத்துக் காத்திருந்தார்.

வந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் குஞ்சு கொக்கு.

நவம்பர் 24, ஞாயிறு

பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி தைத்து முடித்தேன். ஓரத்துக்கு வெள்ளி ஜரிகை. ஹெச்.எம். கட்டாயம் வருகிறாராம்.

ஆடப்போவது அவள், ஊக்கை எண்ணி எண்ணி எடுத்து வைப்பது நான்.

டிசம்பர் 7, சனி

மூன்றாம் தேதி நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் இன்று நடந்தது. எழுதவே கை வரவில்லை.

நான்தான். எல்லாம் என்னால்தான்.

மேடைக்குப் பக்கத்தில் அவளுக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஹெச்.எம். அவர் பக்கத்தில் பெரிய பெரிய ஆட்கள். கீழே குனிந்தால் இவளுடைய இடது கை, பரபரப்பில் முறுக்கிக்கொண்டு, விரல்கள் இறுகி... எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். எங்கள் கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. தோலில் தழும்பு இருந்தால் தூக்கிப் போட மாட்டார்கள். இன்னொரு துண்டு மேலே ஏறி மூடுகிற ஓரத்தில் அந்தத் தழும்பு விழும்படி டை என்கிற இரும்பு அச்சை வைத்து வெட்டுவார்கள். ஷூ முடிந்து வரும்போது தழும்பு உள்ளே போயிருக்கும். செக்கிங் டேபிளில் நானும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவேன்.

தாவணி முந்தானையை இழுத்து இடது கை மேல் போர்த்தி, இடுப்பில் ஊக்குக் குத்திவிட்டேன். ஒன்றுக்கு இரண்டாக. கொக்கு வரும்போது அவளே எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேனா? அதைக்கூட நினைக்கவில்லை. ஹெச்.எம். பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் இருந்தது.

மணல் வந்தது. வெள்ளம் வந்தது. மீன் வந்தது. கொக்கு வரவில்லை. தாவணிக்குள் அந்தக் கை, கூடையால் கவிழ்த்து மூடிய கோழி மாதிரி முட்டி முட்டிப் பார்த்தது. கிறிஸ்டினா கழியை ஓங்கியபடியே காத்திருந்தார். பூங்குழலி குனிந்து தன் கையைப் பார்த்தாள். அப்புறம் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

திரும்பவும் அதே "ப்ச்ச்".

வெளியே வரும்போது ஹெச்.எம். என் தோளைத் தட்டினார். "பாவம்மா. அவளப் போட்டு ஏன் படுத்தறீங்க? ஆண்டு விழாவுக்கு வரட்டும். மொத வரிசைல உக்காந்து ஜாலியா பாக்கட்டும்."

ஜாலியா!

டிசம்பர் 8, ஞாயிறு

நான் சாப்பாடு ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். இவர் ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

டிசம்பர் 9, திங்கள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என் கொக்க... ஏம்மா... மூடின?"

நல்லா இருக்கணும்னு மூடினேன் என்றேன்.

"அது... நல்லாதான்... இருக்கு."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அழுதேன். இன்னா ஜென்மம் நானு! பஸ்ஸுல போறவங்க கிட்டல்லாம் மார தட்டிக்கினேன், டான்ஸு டான்ஸுன்னு. மேடைல ஏத்தினதும் மூடிட்டேனே. தோலாடி அவ? டேபிள்ல போட்டு நான் பாஸ் பண்றதுக்கு?

அவள் வலது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் என்னை நிறுத்தினாள். "பின்னல... முடி. கோணலா... இருக்கு."

டிசம்பர் 15, ஞாயிறு

கிறிஸ்டினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இங்க வர்ற அம்மாங்க எல்லாரும் ஒரு தபா எதையாவது மூடுவாங்க. போன வருஷம் ஒருத்தங்க பையன் வாய்க்குக் கர்ச்சீப் கட்டி விட்டாங்க, எச்சில் ஒழுவுதுன்னு" என்றார். "விடுங்க. ஆனா ஸ்கூல்ல போய் நீங்க பேசாதீங்க."

"வேற யாரு பேசறது?"

"நான்" என்றாள் பூங்குழலி, கீழேயிருந்து.

ஜனவரி 6, திங்கள்

ஹெச்.எம். ரூம். மேஜைக்கு இந்தப் பக்கம் இவள் வீல்சேர், பின்னால் நான். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

"மிஸ். அன்னிக்கு... கை... மூடி... இருந்துச்சு. இப்ப... பாருங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹெச்.எம். போன் அடித்தது. அவர் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

வராந்தாவில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். என் கைகள் இரண்டும் பரபரத்தன, பின்னால் கட்டிக்கொண்டேன். இவள் தோள் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. வந்துட்றா கண்ணு, வந்துட்றா.

எழுந்தது. மெல்ல மெல்ல, தண்ணீரிலிருந்து வருவதுபோல் எழுந்து, மணிக்கட்டு வளைந்து, விரல்கள் குவிந்து நின்றது. இவள் முகத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள். அந்தப் பார்வையும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான்.

"இது கொக்கா?" என்றார் ஹெச்.எம்.

"ஆமா மிஸ்."

"நான் அன்னிக்கு இத பாக்கவே இல்லியே!"

"எங்கம்மா... மூடிட்டாங்க."

ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி ஆகிவிட்டேன். "ஏம்மா சோபனா, பெத்தவ நீயே மூடினா நாங்க இன்னா பண்றது?"

சிரித்துவிட்டார். இவளும் சிரித்தாள். இருவருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்புப் பெண்களோடு சேர்ந்து ஆடலாம். ஆனால் விழா நேரம் இழுக்கக் கூடாது என்றார். பாட்டு சிடியில் போட முடியாது, கிறிஸ்டினா மேடையிலேயே உட்கார்ந்து கழி தட்டுவார் என்று அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அதற்கும் சரி.

வீடு வரை வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரி 25, சனி

சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமதுவிடம் மத்தியானப் பர்மிஷன் கேட்டதும், "இன்னா சோபனாம்மா, பொண்ணு ஸ்டார் ஆயிட்டா, இங்க டார்கெட்ட யாரு முடிப்பா?" என்று முறைத்துவிட்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டு, "எங்க வீட்டம்மாவும் வரணுமாம் விழாவுக்கு. வரலாம்ல?" என்றார்.

கிறிஸ்டினா ஆம்பூருக்கே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பூங்குழலி நடுவில். இரண்டு பக்கமும் அவள் வகுப்புப் பெண்கள். எல்லோரும் கொக்குகள். இவள் கை எழும்போதுதான் அவர்கள் கையும் எழ வேண்டும், அதே மாதிரி வளைய வேண்டும்.

சௌந்தர்யா என்ற பெண் நன்றாக ஆடுகிறவள். போட்டியில் பரிசு எல்லாம் வாங்கியிருக்கிறாள். அவளுக்குத்தான் கோபம். "மிஸ், இவ எப்ப தூக்குவான்னே தெர்ல. நான் தூக்கிட்டு நிக்கிறேன், இவ வரவே மாட்டறா."

கிறிஸ்டினா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பூங்குழலியே சொன்னாள். "மூஞ்ச... பாக்காத. தோள... பாரு."

சௌந்தர்யா பார்த்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவளுக்கு ஒரு பொழுதில் பிடிபட்டுவிட்டது. மாலை முடியும்போது எல்லாப் பெண்களும் கண் கொட்டாமல் என் மகளின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூலில் இவளை இப்படி யாரும் பார்த்ததில்லை. இரக்கத்தில் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பார்க்காமல் போவார்கள். இது வேறு பார்வை. இவளை விட்டால் வழி தெரியாது என்கிற பார்வை.

பிப்ரவரி 12, புதன்

கையில்லாத ரவிக்கை தைத்தேன். தாவணி கிடையாது.

பிப்ரவரி 22, சனி

நேற்று ஆண்டு விழா முடிந்து வந்து எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் சிரிப்பு, எழுந்தால் அழுகை.

திரை திறந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தயாராக இருந்தார்கள். கிறிஸ்டினா ஓரத்தில் கழியோடு உட்கார்ந்திருந்தார். ஹெச்.எம். மைக் முன்னால் நின்று, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்தபிறகுதான் ஆட்டம்.

திடீரென்று மைக் "கீஈஈ" என்று கத்தியது. காது கிழிகிற சத்தம். பூங்குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை குபீரென்று மேலே போய்விட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் கொக்கு வந்துவிட்டது. போச்சு, மறுபடி போச்சு...

அதற்குள் சௌந்தர்யாவின் கை எழுந்தது. அவளுக்கு அடுத்தவள் கை. அதற்கடுத்தவள். இவள் தோளையே பார்த்துப் பழகிய பெண்கள், மைக்கையும் பார்க்கவில்லை, ஹெச்.எம்.மையும் பார்க்கவில்லை. ஒரே வீச்சில் அத்தனை கொக்கும் எழுந்து கழுத்தை வளைத்து நின்றன. கிறிஸ்டினாவின் கழி "தெய்யா தெய்" என்று விழுந்தது. கொட்டகை முழுக்க "ஓ" என்றது. எங்கள் ஹெச்.எம். நன்கொடையாளர் பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு ஓடினார்.

அப்புறம் ஆற்றின் கதையைக் கடைசியிலிருந்து தலைகீழாக ஆடினார்கள். முதலில் கொக்கு, அப்புறம் மீன், அப்புறம் வெள்ளம். பார்த்தவர்களுக்கு அதுதான் கதை. கொக்கு வந்து கூப்பிட்டதால்தான் ஆறு வந்தது என்று இஷ்தியாக் அகமதுவின் மனைவி என்னிடம் விளக்கமே சொன்னார்.

கடைசியில் இன்னொரு முறை கொக்கு வர வேண்டும். இது சத்தத்துக்கு வருகிற கொக்கு இல்லை, அவளாக வரவழைக்க வேண்டியது. நேரம் ஆனது. பின்னால் யாரோ முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்ட ஆரம்பித்தார்கள். இவள் அந்தப் பக்கம் பார்த்து "இல்லை" என்று தலையை ஆட்டினாள். அவ்வளவு பேரையும் காக்க வைத்தாள். காத்திருந்தார்கள்.

அது எழுந்தபோது ஒரு "ப்ச்ச்" இல்லை.

விசில் வந்தது. இரண்டு விரலை வாயில் விட்டு அடிக்கிற விசில், அடங்கவே இல்லை. எந்தக் காலிப்பயல் என்று திரும்பினேன். என் வீட்டுக்காரர், நாற்காலி மேல் ஏறி நிற்கிறார்! கீழே இறங்கச் சொல்லி யாரோ சட்டையைப் பிடித்து இழுக்க, "எம் பொண்ணுப்பா! எம் பொண்ணு!" என்கிறார்.

பெருமையாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடவில்லை. பெருமை, பெருமை, பெருமை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிளாஸுக்கு மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, என்னை முந்திக்கொண்டு இவர் பதில் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

தேர்வு நேரம் என்பதால் இன்று கிளாஸ் இல்லை. வாசலில் பூங்குழலியை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் முறத்தோடு அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். தெருப் பிள்ளைகள் பாலாறு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சௌந்தர்யாதான் தாளம். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த குட்டிப்பெண்ணுக்கும் சேர வேண்டுமாம். அது கையை நேராக வானத்துக்கு நீட்டியது.

"அது... கொடிக்கம்பம்டி" என்றாள் பூங்குழலி. "மணிக்கட்ட... மடி. இன்னும். வெரல... இறுக்கு. வேகமா... தூக்காத."

குட்டி திரும்பத் திரும்பச் செய்தது. இவள் விடவில்லை. இல்லை, இல்லை, இன்னொரு தபா. கடைசியில் அந்தச் சின்னக் கை கோணி, மடங்கி, விரல்கள் இறுகி, தோளுக்கு மேலே நின்றது.

அந்த நேரம் பார்த்து அதன் அம்மா காய்கறிப் பையோடு தெருவில் வந்தாள். பிள்ளையின் கையைப் பார்த்தாள், வீல்சேரில் இருப்பவளைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "ஏய், இன்னாடி இது! கைய நேரா வெய்யி!"

குட்டி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டது.

"தொடாதம்மா. இப்டித்தான் வெக்கணும். நேரா வெச்சா தப்பு."

திரும்பவும் தூக்கிக்கொண்டு, சரியா என்று பூங்குழலியைப் பார்த்தது. இவள் ஒரு கண்ணை இடுக்கி யோசித்துவிட்டு, மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் மடிக்கச் சொன்னாள்.